பிற: தேர்வாளரின் சிரிப்பு

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் சிரிக்கக்கூடாது. தலையாட்டக்கூடாது, புருவத்தை உயர்த்தக்கூடாது, "சபாஷ்" சொல்லக்கூடாது, "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டவும் கூடாது. என்னைப் போன்ற வாய் நீளமான ஒருத்தி இந்த வேலையை ஏழு ஆண்டு பார்த்தாள் என்றால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். "உன் மூஞ்சியில எதுதான் நிக்கும் சரோ?" என்பார். அவர் சொன்னது சரியாகப் போன நாள் ஒன்று உண்டு. அந்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எழுதச் சொன்னவள் பிரியா. என்னிடம் பயிற்சி ஆசிரியையாக வந்து, இப்போது பாடத்திட்ட வேலையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் தேர்வுச் சீர்திருத்தம் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். ஓய்வுபெற்ற தேர்வாளர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். பேச வேண்டிய விஷயம் இரண்டு. வாய்மொழித் தேர்வில் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது ஒன்று. பள்ளிகளுக்குக் கொடுக்கும் கூடுதல் உதவியை, அதாவது துணைப்பாட வகுப்பு, கூடுதல் ஆசிரியர் இதையெல்லாம், தேர்வு முடிவைப் பார்த்துக் கொடுப்பதா, தேவையைப் பார்த்துக் கொடுப்பதா என்பது இன்னொன்று. நான் போய் பத்து நிமிடம் பேசினேன். மறுநாளே பிரியா போன் செய்துவிட்டாள்.

"டீச்சர், நேத்து சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக் குடுங்க லா. நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, எல்லாரும் ஜோக்குன்னு நெனச்சுக்குவாங்க."

நேற்று சொன்னது முழுக்கதை அல்ல என்பது அவளுக்குத் தெரியாது.

நான் சிங்கப்பூரில் தமிழாசிரியை ஆன கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. பயிற்சிக் கழகம், பிறகு மூன்று பள்ளிகள், அடங்காத வகுப்புகள், அடக்கத் தெரியாத நான். பத்தாவது ஆண்டில் தொடக்கநிலை ஆறு இறுதித் தேர்வுக்கு வாய்மொழித் தேர்வாளராகப் போட்டார்கள். அங்கேதான் திரு. வைத்திலிங்கத்தைப் பார்த்தேன். எங்கள் தேர்வு நிலையத்துக்கு அவர்தான் தலைமைத் தேர்வாளர்.

மனிதர் மேடையில் பேசுகிற தமிழைத்தான் டாக்சி ஓட்டுநரிடமும் பேசுவார். "இடப்பக்கம் திரும்புங்கள்" என்று அவர் சொல்ல, சீன ஓட்டுநர் விழித்ததை நானே பார்த்திருக்கிறேன். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில். ஒரு அழிப்பானை வாங்கி இரண்டாக வெட்டி, தேர்வாளருக்குப் பாதி என்று கொடுப்பார். கஞ்சத்தனம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "முழு அழிப்பான் கையில் இருந்தால் நிறைய அழிக்கத் தோன்றும், திருமதி சரோஜா" என்றார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் பழைய தேர்வுகளில் சொன்ன வேடிக்கையான பதில்களை ஒவ்வொன்றாக, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வாசிப்பார். யார் சிரிக்கிறார்களோ அவர் பின்வரிசைக்குப் போய் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தேன். "உங்களிடம் கட்டுப்பாடு இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

தேர்வு நாளில் அவர் வழக்கம் இது. எட்டு மணிக்கு முன்னால் ஒவ்வோர் அறைக்கும் போவார். பிள்ளை உட்காரப்போகும் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்ப்பார். சன்னலிலிருந்து வெயில் கண்ணில் அடிக்கிறதா, கால் தரையைத் தொடுமா, தேர்வாளரின் கையிலிருக்கும் தாள் தெரிகிறதா, எல்லாவற்றையும் பார்ப்பார். குள்ளமான பிள்ளைக்குக் கால் வைக்க ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பள்ளி கிடையாது, எண் மட்டும்தான். எந்தக் குடும்பம், எந்த ஊர், எந்த மதம் என்று தேர்வாளருக்குத் தெரியக்கூடாது. அதுதான் நியாயம் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

அறைக்கு இரண்டு தேர்வாளர். தனித்தனியாகப் பென்சிலில் மதிப்பெண் போட்டு, பிள்ளை போனபின் ஒப்பிட்டு, ஒத்துக்கொண்டதை மாலையில் மையால் எழுதி, உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். உறை இரும்பு அலமாரிக்குப் போகும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அலுவலக வண்டி வந்து எடுத்துப்போகும். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அந்தக் காலத்தில் இந்தத் தேர்வின் மொத்த மதிப்பெண்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விரைவுநிலையா, அதற்குக் கீழான வழக்கநிலையா என்று பிரித்தது. ஒரு மதிப்பெண் இங்கே அங்கே போனால் பள்ளி மாறும், கூட்டாளிகள் மாறுவார்கள், வீட்டில் பேச்சு மாறும். இப்போது அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அந்த வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

என் நான்காவது ஆண்டில் என்னோடு உட்கார வேண்டிய ஆசிரியருக்குக் காய்ச்சல். வைத்திலிங்கம் சாரே இரண்டாம் தேர்வாளராக வந்து உட்கார்ந்தார். அன்று காலை பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நான் வாங்கி வைத்த கறி பஃப்பை ஒரு காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பத்தரை மணிக்கு எனக்குப் பசி, காக்கைமேல் கோபம், அந்த நினைப்பு வேறு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இது சாக்கு அல்ல, நடந்தது.

பத்தரைக்கு ஒரு சிறுமி வந்தாள். ஒல்லி. இரட்டைச் சடை. கால் எட்டவில்லை, பெட்டியை நகர்த்திக் கொடுத்தேன். வாசிப்பு நன்றாகத்தான் போனது. அடுத்து உரையாடல். படத்தில் ஒரு குடும்பம் காலையில் உணவங்காடியில் உட்கார்ந்திருந்தது.

"உன் வீட்டில் காலை நேரத்தில் உனக்கு யார் உதவி செய்வார்கள்?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது பிள்ளைக்கு. "எங்க காக்கா!" என்றாள்.

"யாரு?"

"காக்கா. காக்காதான் காலையில என்னை எழுப்புவாங்க. கோப்பி கலக்கிக் குடுப்பாங்க. ரொட்டியில காயா ஜாம் தடவிக் குடுப்பாங்க. எனக்குச் சடைகூடக் காக்காதான் பின்னுவாங்க."

கோப்பி கலக்குகிற காக்கை. சடை பின்னுகிற காக்கை. என் கறி பஃப்பைத் தூக்கிப்போன கழுதை வேறு கண்முன்னால் வந்து நின்றது. நான் சிரித்துவிட்டேன். பெரிய சிரிப்பு அல்ல. மூக்கு வழியாக ஒரு "ம்ஃக்". உடனே இருமுவதுபோல் நடித்தேன்.

பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மரப்பெட்டியைப் பார்த்தாள். அதற்குமேல் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை. "காக்கா பற்றி இன்னும் சொல்லேன்" என்றுகூடக் கேட்டேன். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். நேரம் முடிந்தது. "நன்றி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பென்சிலை எடுத்து எழுதினேன். உள்ளடக்கம்: கற்பனை, வினாவுக்குப் பொருந்தவில்லை. ஒரு மதிப்பெண் வெட்டு. மொழி: திணை வழு. காக்கை அஃறிணை, அதற்கு "எழுப்புவாங்க" என்று உயர்திணை முடிவு கொடுத்திருக்கிறாள். இன்னொரு மதிப்பெண் வெட்டு. தொடர்ந்து பேசாததற்குத் தனியாக வெட்டு. சாரும் ஏறத்தாழ அப்படித்தான் போட்டிருந்தார். ஒரே ஒரு மதிப்பெண்தான் கூடுதல். "தொடக்கம் உற்சாகமாக இருந்தது" என்றார். பேசி, என் மதிப்பெண்ணுக்கே இறங்கி வந்தார். நான் சிரித்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. நாலரைக்கு உறைக்கு முத்திரை வைத்தோம். நான் பஸ் பிடித்து சிராங்கூன் சாலையில் இறங்கினேன். வெற்றிலை வாங்கும் வேலை இருந்தது. மழை விடவில்லை. டன்லப் தெருவில் ஒரு சின்ன முர்தபா ரொட்டிக் கடைக்குள் ஒதுங்கி டீ சொன்னேன். கல்லாவில் முக்காடு போட்ட ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். சமையற்கட்டு பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"காக்கா, ரெண்டு மட்டன் கட்டுங்க. ஒண்ணுல மொளகா வேணாமாம்."

"வர்றேன் புள்ள, சத்தம் போடாத" என்று உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "தங்கச்சி, அது யாரு உள்ள?" என்றேன்.

"எங்க அண்ணன்க்கா."

"காக்கான்னு கூப்பிட்டியே?"

"ஆமாக்கா, நாங்க அண்ணனைக் காக்கான்னுதான் சொல்வோம். அக்காவை லாத்தான்னு சொல்வோம். எங்க ஊர்ப் பக்கம் எல்லா வீட்டுலயும் அப்படித்தான். கடலோர ஊரு." அவளே சிரித்தாள். "ஸ்கூல்ல எங்களைப் போட்டு ஓட்டுவாங்க பாருங்க, கா கான்னு கத்துவாங்க. அதனால வெளிய அண்ணன்னே சொல்லிப் பழகிக்குவோம்."

முப்பத்தைந்து வயது, தமிழ் இலக்கியம் படித்தவள், இதே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள், அடுத்த தெருவில் அண்ணனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வெளியில் சொல்லாமல் ஒளித்து வைக்கிற சொல்லை, படத்தில் இருந்த குடும்பத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எங்களை நம்பி எடுத்து வைத்திருக்கிறாள். நான் சிரித்திருக்கிறேன். அதற்குமேல் திணை வழு என்று எழுதி மையும் போட்டுவிட்டேன்.

கடை வாசலில் நின்று சாருக்குப் போன் செய்தேன். கடையில் கேட்டதைச் சொன்னேன். "காலை ஆறு மணிக்கு நிலையத்துக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்குப் போனபோது, இரும்பு அலமாரியைத் திறக்காமல் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு படிவம். தேர்வுக்கு இடையூறு ஏற்பட்டால் பிள்ளைக்கு வேறு படத்தோடு மறுதேர்வு வைக்கலாம் என்று விதி உண்டு. அதற்கான படிவம். "இடையூற்றின் தன்மை" என்ற தலைப்பின்கீழ் நாலு கட்டம்: இடி மழை, மின்தடை, உடல்நலக் குறைவு, பிற.

"உறையைத் திறக்கக் காரணம் வேண்டும்" என்றார். "சொல் தெரியவில்லை என்பது காரணமாகாது, அது தேர்வாளரின் தீர்ப்பு என்று விட்டுவிடுவார்கள். இடையூறு என்றால்தான் மறுதேர்வு. இடையூறு நடந்தது. நீங்கள் சிரித்தீர்கள்."

பார்த்திருக்கிறார்.

"எழுதினால் உங்கள் பெயர் தேர்வாளர் பட்டியலிலிருந்து போகும். துறைத்தலைவர் பதவிக்கும் உங்கள் பெயர் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுவும் நிற்கலாம். எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்."

நான் உத்தமி அல்ல. அந்தப் பதவிக்காக எட்டு ஆண்டு காத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சார், நேத்துதான் இடி இடிச்சுதே. இடின்னு போட்டுடலாமா?"

"இடி மூன்று மணிக்கு. பிள்ளை வந்தது பத்தரைக்கு" என்றார். பென்சிலை மேசையில் உருட்டினார். "சரி, இடி என்றே வைத்துக்கொள்வோம். மறுபடி வருவாள். வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவள் மறுபடி காக்கா என்பாள். அவர்களும் வெட்டுவார்கள்."



அவர் தன் பென்சில் குறிப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்காத பேச்சு வந்தது. மேடைத்தமிழ் இல்லை. "எழுப்புவாங்க, குடுப்பாங்க, பின்னுவாங்கன்னு மரியாதை போட்டுத்தான் சொல்லிச்சு அந்தப் புள்ள. காக்கையை எந்தப் புள்ள மரியாதை குடுத்துப் பேசும்? நாலு தடவ சொல்லிச்சும்மா. நமக்குத்தான் கேக்கல."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. படிவத்தை இழுத்து, "பிற" என்ற கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினேன்: தேர்வாளரின் சிரிப்பு. கீழே நடந்ததையும், காக்கா என்றால் அண்ணன் என்பதையும் நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கி, தன் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: "இரண்டாம் தேர்வாளரான நானும் இச்சொல்லை அறியாதிருந்தேன். தவறு இருவருடையது." அவர் அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

பட்டியலிலிருந்து என் பெயர் போனது. மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி சேர்த்தார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. நல்ல மனுஷி, அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் வருத்தம் இருந்தது. அடுத்த ஆண்டு தேர்வு நிலையத்தில் வைத்திலிங்கம் சாரும் இல்லை. "வயதாகிவிட்டது" என்றார். அவர் சேர்த்த அந்த ஒரு வரிதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா?

கலந்துரையாடலில் இதுவரைதான் சொன்னேன். ஒரு இளம் அதிகாரி கேட்டார்: "மேடம், ஃபண்டிங் பத்தி உங்க வியூ என்ன? ரிசல்ட்ஸ் பாத்துக் குடுத்தா ஸ்கூல்ஸ் இன்னும் நல்லா செய்வாங்க இல்லையா?" நான் சொல்லிக்கொடுத்த பள்ளி ஒன்றில் நிர்வாகக் குழு அப்படித்தான் செய்தது. தமிழ் முடிவு இறங்கிய ஆண்டு, தமிழுக்கு இருந்த ஒரே துணைப்பாட வகுப்பை நிறுத்திவிட்டார்கள். ஐந்தே பிள்ளைகள், யார் கேட்கப்போகிறார்கள்? அதைச் சொன்னேன். "தம்பி, நீங்க பாக்கப்போற அந்த நம்பர் நாங்க போட்டது. அதுக்குள்ள எங்க பசி இருக்கு, எங்க அறியாமை இருக்கு, என் சிரிப்பு இருக்கு. அதை நம்பி ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து டீச்சரை எடுக்காதீங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். புதிய வழிகாட்டியின் வரைவில் ஒரு வரி சேர்ந்திருப்பதாகப் பிரியா சொல்கிறாள்: தெரியாத சொல் வந்தால், மதிப்பெண் வெட்டுமுன் "அப்படியென்றால் யார், என்ன?" என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். இத்தனை எளிய கேள்வி. நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இனி, சொல்லாமல் விட்டது.

மூன்றாம் நாள் மறுதேர்வு. தேர்வாளராக இருக்கக்கூடாது, ஆனால் காத்திருப்பு அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைவு, அதை விதி தடுக்கவில்லை என்று வைத்திலிங்கம் சார் என்னை அங்கே போட்டார். ஏன் போட்டார் என்று நானும் கேட்கவில்லை. காத்திருப்பு அறைக்கும் ஒரு விதி உண்டு. பிள்ளையிடம் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அது உதவி செய்வது. வேலையே போகும்.

அவள் வந்தாள். கூட ஓர் இளைஞன், பாலிடெக்னிக் பை மாட்டியிருந்தான். சடை அன்றும் நேர்த்தியாகத்தான் இருந்தது.

"டீச்சர், ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்க, மறுபடி டெஸ்ட்னு" என்றான். "அவ ஏதாவது தப்பு செஞ்சிட்டாளா? மூணு நாளா சரியாவே பேசமாட்றா. உம்மாவுக்கு ஏர்போர்ட்ல ஷிஃப்ட், வாப்பா கப்பல்ல. எங்கிட்ட என்னமும் சொல்லுவா, இதை மட்டும் சொல்லமாட்றா லா."

"தங்கச்சி ஒரு தப்பும் செய்யல தம்பி. தப்பு எங்களோடது" என்றேன். அவன் புரியாமல் தலையாட்டிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அழைப்பு வந்தது. அவளைத் தேர்வறை வாசல்வரை கூட்டிப்போனேன். கதவுக்கு முன்னால் அவள் நின்றாள். என்னை அடையாளம் தெரிந்துதான் இருந்தது. மெதுவாக, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், இன்னிக்கு நான் அண்ணன்னு சொல்லட்டுமா?"

தாழ்வாரத்தில் யாருமில்லை. விதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். அவள் உயரத்துக்குக் குனிந்தேன்.

"வேணாம்மா. காக்கான்னே சொல்லு. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியலன்னா, தெரியாதவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

அவள் உள்ளே போனாள். கதவை நான்தான் சாத்தினேன். என்ன மதிப்பெண் வாங்கினாள், எந்தப் பள்ளிக்குப் போனாள் என்று எனக்குத் தெரியாது. தேர்வாளருக்கு அதெல்லாம் தெரியக்கூடாது.

தேர்வுக்கு வந்த பிள்ளைக்கு நான் உதவி செய்தேன். அதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.